மேற்குச் சுவருக்கு அப்பால் எட்டடி

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். காணை கிராமத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், அன்புச்செல்விக்கு நடந்தது இது.

அந்தப் பழைய பண்ணையை ஒரே பிளான் போட்டுக் கட்டியிருந்தார்கள். நடுவில் களம். ஒரு பக்கம் வீடு, மறு பக்கம் மாட்டுக்கொட்டகை, எதிரே செங்கல் களஞ்சியம். ஒன்றரை அடிக் கனச் சுவர். ஜன்னல் கிடையாது, இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் வழியாகத்தான் காற்று. அதற்குப் புதுக் கூரை போட அளவெடுக்க வந்திருந்தாள். கோலியனூரில் அளவு தப்பி, இன்ஜினியரிடம் ஏற்கெனவே வாங்கிக்கட்டிக்கொண்டவள். "இதுவும் தப்புன்னா நாளைலேர்ந்து வராத" என்று சொல்லிவிட்டார். நாலு மணிக்குள் அளவு அனுப்பியாக வேண்டும்.

வெளியே அறுபத்தாறு அடி. சுவர்க் கனம் கழித்தால் உள்ளே அறுபத்து மூன்று வர வேண்டும்.

காவல்காரர் முருகையன் டேப்பின் நுனியோடு மேற்கு மூலைக்குப் போனார்; அவள் கிழக்குச் சுவர் வாசலோரம் நின்றாள். மல்லாட்டை மூட்டைகள், வேர்க்கடலைதான், ஆளை மறைத்துவிட்டன.

மணி 3.10. டேப் தொய்ந்தது.

"அண்ணே, இன்னும் பின்னாடி போங்க!"

டேப் நகர்ந்தது.

"இன்னும்..."

நகர்ந்தது... விறைத்து நின்றது.

எழுபத்தொன்று!

எட்டடி அதிகம். இந்த ஆள் வேண்டுமென்றே செய்கிறாரா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சுவர ஒட்டித்தான் புடிச்சிக்கினு இருக்கீங்களா?"

டேப் மட்டும் இரண்டு முறை சுண்டியது. டப்... டப்...

3.14.

"யம்மா, டீ."

குரல் அவளுக்குப் பின்னால். வாசலில் முருகையன், கையில் டீத் தூக்குவாளி.

"நீங்க... அங்க இல்லியா?"

"நுனிய ஆணில மாட்டிட்டு, பக்கக் கதவால அப்பவே போயிட்டேனே."

டேப் இன்னும் விறைப்பாக இருந்தது. மெல்ல... இழுத்தது.

போட்டுவிட்டு ஓடினாள்.

வெளி அளவை வைத்தே கணக்குப் போட்டு அனுப்பினாள். கூரை கச்சிதமாக உட்கார்ந்தது. வேலை பிழைத்தது.

அடுத்த மாதம் தொட்டிக்குப் பள்ளம் வெட்டினார்கள். மேற்குச் சுவருக்கு வெளியே தூர்ந்த கிணறு ஒன்று தட்டுப்பட்டது. சுவரின் உள்பக்கத்திலிருந்து கணக்குப் பார்த்தாள். சரியாக எட்டடி. முருகையனைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

முருகையன் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"இத கட்டறப்போ கூலியாள் ஒருத்தர் அளவு நூல் புடிச்சாராம். 'பின்னாடி போ, பின்னாடி போ'ன்னு மேஸ்திரி சொல்லிக்கினே இருந்தாராம். அவரும் திரும்பிப் பாக்காம போயிட்டாரு... ஆள எடுக்காமலே கெணத்த மூடிட்டாங்கம்மா."