நான் கட்டிய டியூப்

2006 ஜனவரி 21, சனிக்கிழமை, காலை 7.40. நாங்கள் குடியேறிய குளிர்நாட்டு எல்லிங்ஸ்ருட்டில் மைனஸ் பதினான்கு பாகை, காற்று இல்லை. பேரப்பிள்ளைகள் இருவரும் படுத்திருந்த அறையைச் சூடாக்கும் சுடுநீர் ரேடியேட்டர் மட்டும் குளிர்ந்திருந்தது. தண்ணீர் போதவில்லை என்று எண்ணி, அந்த அறைக்கு நேர் கீழே இருக்கும், நீரைச் சூடாக்கி அனுப்பும் பொயிலருக்குள் நீரைத் திறந்துவிட்டேன். சற்று நேரத்தில் அதன் பக்கக் குழாய் ஒழுகியது. நிமிடத்துக்கு முப்பத்திரண்டு சொட்டு. ஊரில் இறைப்பு மெஷினுக்குச் செய்வதுபோல், சைக்கிள் டியூப்பை வெட்டிக் குழாயின் வாயை இறுக்கிக் கட்டினேன். ஒழுக்கு நின்றது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, அழுத்தம் காட்டுற முள்ளு சிவப்பிலை நிக்குது. சொட்டு எண்ணினது காணும், ஆளைக் கூப்பிடுங்கோ."

அயலிலுள்ள ஸ்டோவ்னரிலிருந்து வந்த, பொயிலர் திருத்தும் தமிழ்த் தொழிலாளி முதலில் பொயிலரை நிறுத்தி, டியூப்பை அறுத்தார்.

"கட்டைப் பாத்தாலே தெரியுது, யாழ்ப்பாணத்து ஆள்தான்! ஐயா, அழுத்தம் கூடினால் தண்ணி வெளியாலை போகத்தான் இந்தக் குழாய். அடைச்சால் பொயிலர் வெடிக்கும்."

மேலே பிள்ளைகள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ரேடியேட்டரில் காற்று அடைத்திருந்தது, அவ்வளவுதான். சிறு சாவியால் அவர் அதைத் திறந்துவிட, அது சூடேறியது.

இப்போது அந்தச் சாவி என்னிடமும் இருக்கிறது. ஒழுகும் குழாய் எதற்கென்று கேட்காமல் அதில் கை வைப்பதில்லை.

அவருக்குக் கொடுத்தது, சனிக்கிழமைக்கான கூடுதல் கூலியோடு 1,850 குரோணர்.