இரண்டடி உயரத்தில் ஒரு டெலிபோன் பூத்

சக்கர நாற்காலியில் இருப்பவரை ஸ்ரீபெரும்புதூருக்கு அழைத்துப் போகலாமா என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். கிளம்புவதற்கு முன்னால், 1991 தை மாதம், பொங்கல் முடிந்த வாரத்தில் நானும் அக்காவும் போய்வந்ததைப் படித்துவிடுங்கள்.

எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரி. அக்கா மேரிக்கு அப்போது இருபத்தாறு வயது. குழந்தையில் வந்த போலியோவால் நடக்க முடியாது. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி வைத்திருந்தாள். ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் அவளுக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் ஒதுக்கியிருந்தார்கள். அவளுக்கு வரவிருந்த முதல் வேலை அது. “ஒரு நாள் முழுசா ஒக்காந்து பாக்குறேன், அப்பால சொல்றேன்” என்று கிளம்பினாள்.

காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். ஒரகடம் சுமார் ஐந்து கிலோமீட்டர். அவள் சுற்ற, நான் தள்ள, ஒன்றேகால் மணி நேரம். இன்றைக்குப் போல கம்பெனி பஸ்கள் அப்போது இல்லை; லாரி வந்தால் மண்ணில் இறங்கி நின்றுகொள்வோம். அங்கிருந்து பஸ். ஆளுக்கு ஒன்றரை ரூபாய், கூரைமேல் ஏற்றிய வண்டிக்கு லக்கேஜ் மூன்று ரூபாய்.

கடைத்தெருவில் சாக்கடைமேல் சிமெண்ட் பலகை போட்டுப் புதிதாக நடைபாதை கட்டியிருந்தார்கள். மழைத் தண்ணீர் கடைக்குள் வரக்கூடாது என்று இரண்டடி உயரம். நடக்கிறவர்களே முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார்கள். பூத் அதன்மேல் இருந்தது. நாங்கள் மலைத்து நிற்பதற்குள் பக்கத்துப் பாத்திரக்கடைக்காரரும் டீக்கடையில் நின்ற மூன்று பேரும் ஓடிவந்து, அக்காவை வண்டியோடு தூக்கி மேலே வைத்துவிட்டார்கள்.

“அண்ணே, ஓரமா ஒரு சரிவு போடச் சொல்லுங்க. நானே ஏறிக்கிறேன்” என்றாள் அக்கா.

“சரிவு இன்னாத்துக்கும்மா? அப்பறம் மாடு ஏறும், சைக்கிள ஏத்தி நிறுத்துவானுங்க. நாங்கதான் கீறோமே. சாமியவே தோள்ல தூக்கினு போற ஊரு இது, உன்ன தூக்க மாட்டமா?”

பாத்திரக்கடைக்காரர் நல்ல மனதோடுதான் சொன்னார். கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். தூக்க ஆள் இருக்கும்போது சரிவுக்கு எதற்குச் செலவு என்று சிரித்தார்கள்.

அக்கா அன்று பிரமாதமாக வேலை பார்த்தாள். டெல்லிக்கு லைன் கிடைக்காதவருக்குக்கூடப் பொறுமையாகப் போட்டுக் கொடுத்தாள். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மாலை ஐந்து மணிக்கு அதே நாலு பேர் இறக்கி விட்டார்கள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

“வேல நல்லாதான் கீது. ஆனா காலைலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கலடா. குடிச்சா எறங்கணும். எறங்கணும்னா நாலு ஆம்பளைங்கள கூப்ட்டு, எதுக்குன்னு சொல்லணும். தெனம் எப்டிடா முடியும்?”

மறுநாள் பூத் வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு வேறு வேலை எதுவும் அவளுக்கு அமையவில்லை. அந்தச் சிமெண்ட் பலகைமேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

போன மாதம் மறுபடியும் அவளைக் காரில் அழைத்துப் போனேன். போகிறவர்களுக்குச் சில தகவல்கள். ஒரகடத்தில் சாலையைக் கடக்கலாம் என்று நினைக்காதீர்கள். எந்தப் பக்கம் வேலையோ அந்தப் பக்கமே இறங்குங்கள். டைல்ஸ் போட்ட நடைபாதையை நம்ப வேண்டாம், பாதியில் நின்றுவிடுகிறது. படி இல்லாத கழிப்பறை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. கடைத்தெருவில் இப்போது சரிவு இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக அக்காவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். பைக் ஏறக்கூடாது என்று அதன் வாயிலேயே மூன்று இரும்புக் கம்பம் நட்டிருக்கிறார்கள். நாற்காலி உள்ளே நுழையவில்லை.

செல்போன் கடையிலிருந்து கம்பெனிச் சட்டை போட்ட இளைஞர்கள் வந்தார்கள். “நவுருங்க சார், நாலு பேரு புடிச்சா வேல முடிஞ்சுது.”

அக்கா சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றாள். காரில் ஏறியதும் தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம் என்று அவள் பையைத் திறந்தேன். காலையில் நான் வைத்த பாட்டில் மூடிகூடத் திறக்காமல் அப்படியே இருந்தது.