கன்னியம்மா ஏறிய கார்

செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜில் ரூம் பெருக்குகிறேன். அங்கே தங்கியிருந்த மேடம் ஒருவர், நோய் வந்தால் எங்கள் இருளர் சனம் என்ன செய்கிறது, என்ன பாடுகிறது என்று ஆராய்ச்சி செய்பவர். உங்கள் ஊருக்குக் கூட்டிப் போவீர்களா என்று கேட்டார். கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் குடியிருப்புக்குக் கூட்டிப் போனேன். அவர் காரிலேயே போனோம்.

போன நேரம் சரியில்லை. பிள்ளை பெற்ற என் தங்கச்சி உடம்பு காய்ச்சலில் கொதித்தது. பல் கிட்டித்தது. அதே குடிசையில் சித்தப்பா மேல் எங்கள் குலசாமி கன்னியம்மா இறங்கியிருந்தாள். அவர் ஆட, அம்மா பாட, எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நாங்களும் உட்கார்ந்தோம். சாமி மலையேறும் வரை ஒருத்தரும் வாசலைத் தாண்டக் கூடாது. எங்கள் கட்டு அது.

மேடம் கையில் ரெக்கார்டர். ஆனால் தங்கச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உடனே ஆஸ்பத்திரி போகணும்க்கா,” என்று என் காதில் சொன்னார். “நான் சொன்னா கேப்பாங்களா?”

“கேக்க மாட்டாங்க.”

நானே சொன்னேன். தங்கச்சி புருஷன் முறைத்தான்.

“டவுன்ல ரூம் பெருக்குனா டாக்டர் ஆயிடுவியா? சாமி எறங்கியிருக்கு. கம்முனு குந்து.”

அம்மா பாட்டை நிறுத்தவில்லை. தங்கச்சிக்குக் கண் சொருகியது. தூக்கிப் போனால் விடமாட்டார்கள். காத்திருந்தால் அவள் இருக்க மாட்டாள்.

எழுந்து சித்தப்பா முன்னால் நின்றேன். அவரிடம் பேசவில்லை.

“கன்னியம்மா, உன் புள்ள ஆஸ்பத்திரிக்குப் போவணும். தனியா அனுப்புவியா? நீயும் கூட வா.”

பாட்டு நின்றது. சித்தப்பா வேப்பிலையை இறுக்கிக்கொண்டு ஆடினார். பிறகு அவரே முதல் ஆளாக வாசலைத் தாண்டினார்.

“வண்டி எங்கடி?” என்றாள் கன்னியம்மா.

சாமியே தாண்டிய வாசலை யார் தடுக்க முடியும்? தங்கச்சி புருஷன்தான் அவளைத் தூக்கி வந்தான். பிள்ளை என் மடியில். மேடம் ஓட்ட, சித்தப்பா முன்சீட்டிலும் ஆடிக்கொண்டே வந்தார். ஒரு டிராக்டர் வழிவிடவில்லை. ஜன்னலில் தலையை நீட்டி ஒரு அதட்டுப் போட்டார். ஒதுங்கியது.

ஆஸ்பத்திரியில் தங்கச்சியை உள்ளே கொண்டு போனார்கள். ஆடுகிற ஆளை வாட்ச்மேன் விடவில்லை. கேட் பக்கம் புங்க மரத்தடியில் நின்று ஆடினார். பொழுது சாய்ந்தும் நிற்கவில்லை.

நர்ஸ் வந்தார். “கண்ணு முழிச்சிட்டாங்க. புள்ளய எடுத்தாரச் சொல்றாங்க.”

மரத்தடிக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். வேப்பிலை கீழே விழுந்தது. சித்தப்பா அப்படியே குந்தினார்.

“டீ கெடைக்குமா?”

மேடம்தான் போய் வாங்கி வந்தார். ஓடி வந்ததில் பாதி சிந்தியிருந்தது.