நேர்ந்த முடியும் இரண்டு துளைகளும்

திருத்தணிக்கு முந்தின ஸ்டேஷனின் பெயர் எனக்கு நினைவு வரவில்லை. முதல் அறிகுறி அதுதான்.

நான் புத்தூர்க்காரன். எதையும் எண்ணாமல் இருக்க முடியாதவன். மகள் அலமேலு திருத்தணிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அவளைப் பார்க்கப் போகும்போது ஸ்டேஷன்களை எண்ணிக்கொண்டே போவேன். ஒவ்வொன்றுக்கும் அவள் கொஞ்சம் கிட்ட வருவாள். அன்று எண்ணிக்கை அறுந்தது. இறங்க மறந்து அரக்கோணம் வரை போய்விட்டேன்.

அதற்குச் சில வாரங்கள் முன்பு கொட்டகை உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டிருந்தேன். தலைத்தோலில் ரத்தக்குழாய்கள் அதிகம். சின்னக் கீறலுக்கே கொட்டும் என்பார்கள். எனக்கு ஒரு சொட்டும் வரவில்லை. அதனால் ஏமாந்தேன். அரக்கோணத்துக்குப் பிறகு வந்த தலைவலியையும் மறைத்தேன். காரணம், என் முடி.

எல்லைத் தகராறு நடந்தபோது, மகள் ஊரும் எங்கள் ஊரும் ஒரே மாநிலத்தில் சேர்ந்தால் திருமலையில் முடி கொடுப்பதாக நேர்ந்துகொண்டேன். திருத்தணி மதராஸுக்குப் போயிற்று. புத்தூர் ஆந்திராவில் நின்றது. எல்லையை மறுபடி மாற்றாமலா இருப்பார்கள் என்று முடியை வளர்த்துக்கொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் சிரைத்துவிடுவார்கள். நேர்ந்த முடி மலையில்தானே விழ வேண்டும்?

வலது கால் இழுக்கத் தொடங்கியதும் மனைவி தனம் திருப்பதிக்கு இழுத்துப்போனாள். டாக்டர் தெலுங்குக்கார இளைஞர். ஸ்டேஷன் பெயர் மறந்த கதையைத் தனம் அவரிடம் சொன்னாள். என் தலையையே விரலால் தட்டித் தட்டி விளக்கினார்.

"மண்டைக்கு எட்டு எலும்பு, முகத்துக்குப் பதினாலு. கீழ்த்தாடை மட்டும் அசையும். மிச்சம் எல்லாம் பல்லு பல்லா கோத்துக்கினு இருக்கும்."

"இருபத்திரண்டு" என்றேன்.

"கணக்கு மஞ்சிகா, நல்லா வருது. திருத்தணிக்கு முந்தி ஏ ஸ்டேஷன்? செப்பண்டி, சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

சப்டியூரல் ஹெமட்டோமா (மூளையின் மேலுறைக்கு அடியில் மெல்லச் சேரும் ரத்தம்) என்றார். எலும்பில் இரண்டு துளை போட்டு வடிக்க வேண்டும்.

"முடியை விட்டுவிட்டுச் செய்ய முடியாதா?"

டாக்டர் பதில் சொல்லுமுன் தனம் பாய்ந்தாள். "இதுக்காகவா இத்தினி நாளு நோவ மறைச்சிக்கினு இருந்தீங்க! அந்த மலையே மதராஸுக்குப் போவல, உங்க மயிரு எங்க போவப் போவுது? தல இருந்தா மறுபடி மொளைக்கும். கம்முனு உக்காருங்க."

நாவிதர் சிரைக்க, விழுந்ததையெல்லாம் மஞ்சள் துணியில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார்.

"பொன்பாடி" என்றேன்.

தலைவலியை மறைக்கும் என் வயதுக்காரர்களே, சாமி காத்திருப்பார். உள்ளே சேரும் ரத்தம் காத்திருக்காது.

அலமேலு வந்தாள். தையல் பிரித்த இடத்தில் விரல் வைத்தாள். தோல் லேசாக உள்வாங்கியது.

"நைனா, இங்க துடிக்குதே!"

"உனக்கும் இப்படித்தான் துடிச்சிக்கினு இருந்திச்சி."

கைக்குழந்தைக்கு உச்சிக்குழி (மண்டை எலும்புகள் இன்னும் கூடாத இடம்) உண்டு. அவள் தூங்கும்போது அதன்மேல் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருப்பேன். இரண்டு வயதுக்குள் அது மூடிவிட்டது. என்னுடையவை மூடப்போவதில்லை. மாலை ரயிலுக்கு அவள் போய்விட்டாள்.

மஞ்சள் முடிச்சு இன்னும் வீட்டில்தான் தொங்குகிறது. மலையில் சேர்த்துவிடலாம் என்கிறாள் தனம். நேர்ந்தது நடக்கவில்லையே, எப்படிச் சேர்ப்பது?

முடி மறுபடி வளர்ந்துவிட்டது, தழும்புகளைத் தவிர. ரயில் கூவும்போது விரல் தானாக அந்தக் குழிக்குப் போகிறது. புத்தூரிலிருந்து எண்ணத் தொடங்குகிறேன். முன்பெல்லாம் திருத்தணி சீக்கிரம் வர வேண்டும் என்று அவசரப்படுவேன். இப்போது பொன்பாடியில் நின்றுவிடுகிறேன். விரலுக்கடியில் துடிக்கிறது. அடுத்த ஸ்டேஷனில் அவள் இருக்கிறாள்.