மேலத் துண்டு இன்னும் பாக்கி

எங்கள் அக்கா அவர்கள் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிற புரட்டாசிக் கடைசியில் இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வருகிறது. பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்துகிறவன் என்பதால் என்னையே எழுதச் சொன்னார் அத்தான். எழுத உட்கார்ந்தால், அக்காவைப் பற்றி ஒரு விஷயம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டின் மூத்த பெண்ணாகப் பிறந்தார். நான் கடைக்குட்டி. எங்கள் அப்பாவுக்கு ஏரிப் பாசனம். ஏரி நிறைந்தால் நடவு, நிறையாவிட்டால் இல்லை. அதில் யோசிக்க எதுவும் கிடையாது. அக்காவைக் குன்னம் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே ஏரியும் இல்லை, கிணறும் இல்லை. மூன்று ஏக்கர் கரிசல் காடு, அதற்கு மேலே வானம், அவ்வளவுதான். முதல் தடவை ஊருக்கு வந்தபோது, "எல்லாத்துக்கும் அண்ணாந்து பாக்குற ஊருல தள்ளிட்டீங்களே" என்று அம்மாவிடம் அழுதார்.

சில ஆண்டுகளில் அந்த ஊரே அக்காவைப் பார்த்துத்தான் விதைத்தது. புரட்டாசியில் இரண்டு நல்ல மழை விழுந்ததும் காட்டில் ஒரு சாண் தோண்டி மண்ணை எடுத்து உருட்டுவார். உருண்டை உடையாமல் நின்றால், "நாளைக்குப் போடலாம்" என்பார். பக்கத்துக் காட்டுக்கார அம்மா அன்று சாயங்காலமே பருத்தி விதையைச் சாணிப்பாலில் புரட்டிக் காய வைத்துவிடுவார். எதிலும் இரண்டு முறை யோசிக்காதவர் அக்கா. மகளை உடையார்பாளையத்தில் கொடுத்தபோதும் ஒரே நாளில் முடிவு சொன்னார்.

மழையில் குழப்பம் எந்த ஆண்டு தொடங்கியது என்று எங்களால் சொல்ல முடியவில்லை. அத்தான் ஓர் ஆண்டைச் சொல்கிறார், அக்காவின் மகள் வேறொன்றைச் சொல்கிறாள். ஓர் ஆண்டு மழை புரட்டாசியில் ஏமாற்றிவிட்டு ஐப்பசியில் மொத்தமாகக் கொட்டிக் காட்டில் தேங்கி நின்றது. ஓர் ஆண்டு பருத்தி வெடித்த தை மாதத்தில் பெய்து பஞ்சைக் கறுப்பாக்கியது. அந்தக் காலத்தில்தான் எங்கள் பெரம்பலூர் மாவட்டத்தையும் பிரித்தார்கள், பிறகு சேர்த்தார்கள், இப்போது மறுபடியும் பிரிக்கப்போவதாகச் சொல்கிறார்கள். "மாவட்டத்துக்கே நாம எங்க இருக்கோம்னு தெரியல, மழைக்கு மட்டும் தெரிஞ்சிடுமா?" என்று சிரிப்பார் அக்கா.

அந்தச் சிரிப்பு ஓர் ஆவணியில் நின்றது. அந்த ஆண்டு மழை முந்திக்கொண்டு பெய்தது. மண் உருண்டையும் நின்றது. அக்கா விதைத்தார், அவரைப் பார்த்து ஊரும் விதைத்தது. அதன்பிறகு ஒரு மாதம் ஒரு சொட்டு இல்லை. முளைத்ததெல்லாம் கருகியது. பக்கத்துக் காட்டுக்கார அம்மா வாசலில் வந்து நின்று, "ஒன்னைப் பாத்துதானம்மா நானும் போட்டேன்" என்றார். திட்டவில்லை, அவ்வளவுதான் சொன்னார். அன்றிலிருந்து அக்கா யாருக்கும் நாள் சொல்லவில்லை.

மறு ஆண்டு காட்டை மூன்றாகப் பிரித்தார். கீழத் துண்டில் ஆவணிக் கடைசியில் பருத்தி, நடுத் துண்டில் புரட்டாசியில் மக்காச்சோளம், மேலத் துண்டில் ஐப்பசி மழை பார்த்து மறுபடி மக்காச்சோளம். "எந்த மழை நம்ம மழைன்னு தெரியலடா தம்பி. மூணு மழைக்கும் ஒவ்வொரு ஆளா நிறுத்தி வைப்போம்" என்றார். நான் விருந்தாளிகள் முன்னால், "அக்காவுக்குத் துணிச்சல் போயிடுச்சு. வடகிழக்குப் பருவமழை அக்டோபர்லதான் தொடங்கும், புத்தகத்துலயே இருக்கு" என்று கிண்டல் செய்தேன். "அந்தப் புத்தகத்தைக் கொண்டாந்து மேலத் துண்டுல நட்டு வையி" என்று சொல்லிவிட்டு அக்கா எனக்கு மோர் ஊற்றினார்.

சென்ற ஆண்டு கீழத் துண்டும் நடுத் துண்டும் விதைத்த நிலையில் அக்காவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் யார் பார்க்கப் போனாலும், "வெளியில எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பார். கடைசியாக நான் போனபோது என் கையைப் பிடித்து, "மேலத் துண்டு இன்னும் பாக்கிடா. மழை வந்தா போட்டுடச் சொல்லு" என்றார். மறுநாள் விடியற்காலை போய்விட்டார்.

ஒன்பதாம் நாள் நல்ல மழை. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அந்த வீட்டார் விதையைத் தொடக்கூடாது என்றார்கள் பெரியவர்கள். அதற்குள் ஈரம் போய்விடும். அத்தான் வாசலில் நின்று காட்டின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் தீட்டு மூன்று நாள்தான், எனக்கு அது கழிந்திருந்தது. "நான் போடுறேன் அத்தான்" என்று கிளம்பிவிட்டேன். மண்ணை உருட்டிப் பார்த்தேன். பாதி நின்றது, பாதி உதிர்ந்தது. அதற்கு என்ன அர்த்தமென்று கேட்க ஆள் இல்லை. காட்டில் நின்று அழுதேன். அப்போது கூப்பிடாமலே வந்து ஏருக்குப் பின்னால் விதை போட்டவர் அந்தப் பக்கத்துக் காட்டுக்கார அம்மாதான்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது அத்தான் மெதுவாகச் சொன்னார். "மாப்ள, தப்பா நெனைக்காத. நீ வந்துட்டுப் போன அன்னைக்கு ராத்திரி எங்கிட்ட, மேலத் துண்டு இந்த வருசம் சும்மா கெடக்கட்டும்னு சொன்னா. நீ கெளம்புனப்ப தடுக்க மனசு வரல."

எது அக்காவின் கடைசி விருப்பம்? இந்த ஓராண்டாக யோசிக்கிறேன். விளைச்சலும் தீர்ப்பு சொல்லவில்லை. மேலத் துண்டு நெஞ்சுயரம் வளர்ந்து கதிர் பிடித்தது. அறுக்கும் நேரத்தில் மழை வந்து பாதிக் கதிர் பூசணம் பிடித்தது. போட்டது சரியா, தவறா? எனக்குத் தெரியவில்லை. வகுப்பில் பருவமழைப் பாடம் வரும்போது சன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். ஒன்று மட்டும் தெரியும்: அக்காவுக்குத் துணிச்சல் போய்விட்டது என்று நாலு பேர் முன்னால் சொன்னது தவறு. தெரியாது என்று ஒப்புக்கொண்டு அப்புறமும் விதைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது அந்த உதிர்ந்த மண்ணைக் கையில் வைத்திருந்தபோதுதான் புரிந்தது. என்னை மன்னித்துவிடுங்கள் அக்கா.

ஆஸ்பத்திரியில் இரவு பகலாகக் கூட இருந்த அக்காவின் மகளுக்கும் மருமகனுக்கும், பதினாறு நாளும் சோறாக்கிப் போட்ட தெருக்காரர்களுக்கும், கூப்பிடாமல் வந்த அந்த அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. போன வாரம் அத்தான், "இந்த வருசம் மேலத் துண்டை என்ன மாப்ள செய்யலாம்?" என்று கேட்டார். "தெரியல அத்தான், பாப்போம்" என்றேன். விதை மட்டும் வாங்கி வைத்திருக்கிறோம்.

நினைவு நாளுக்கு வருகிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். பந்தி நடக்கும்போது மழை வந்தால் அத்தானும் நானும் பாதியில் எழுந்து காட்டுக்குப் போய்விடுவோம். மரியாதைக் குறைவாக நினைக்காமல், இருந்து சாப்பிட்டுப் போங்கள்.