மறுவரிசைக்குப் போனவள்

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் டீச்சராக இருந்தேன். எங்கள் மாதா கோயிலுக்குப் புதிதாக ஒரு சாமியார் வந்தார். மலையிலேயே பிறந்து, வாலிபத்தில் ஞானஸ்நானம் பெற்றுக் குருவானவர். நானோ பரம்பரைக் கிறிஸ்தவள். அந்தத் திமிரில், பூசையில் இருவரும் தனித்தனி வரிசைக்கு நற்கருணை அப்பம் கொடுக்கும்போது, அவர் வரிசையை விட்டு, ஏற்கெனவே அங்கிருந்த பெரிய சாமியாரிடமே வாங்குவேன்.

ஒருநாள் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில், திரைக்கு உள்ளே இருப்பவர் பெரியவர் என்றெண்ணிச் சொன்னேன்: "நேத்து ஞானஸ்நானம் வாங்கி வேதத்துல சேர்ந்தவரு கையால வாங்க மனசு வரலைங்க, சாமி."

திரைக்குப் பின்னால் புதியவரின் குரல்! "எந்த வரிசைல வேணா நில்லுங்கம்மா. வாங்காம மட்டும் வூட்டுக்குப் போய்டாதீங்க."

பாவமன்னிப்பும் அவரே தந்தார்.

அடுத்த ஞாயிறு அவர் முன் நின்றேன். பின்னாளில் மலையே அவரைக் கும்பிட்டது. என் நாக்கில் அப்பம் வைக்கும்போது அவர் கை ஒருநாளும் தயங்கியதில்லை. அன்று அப்படிப் பேசிய என் நாக்குதான் ஒவ்வொரு முறையும் கூசியது.