கூடத்தில் கண்ட தடம்

“கால் மரத்துப்போகும், தினமும் உள்ளங்காலைப் பாருங்கம்மா. விட்டா காலையே எடுக்கும்படி ஆயிரும்” என்று சர்க்கரை நோய் வகுப்பு நர்ஸம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்கு மரத்ததாகத் தோன்றவே இல்லை. புரட்டாசிச் சனிக்கிழமை, வேண்டுதலுக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில் வெறுங்காலோடு ஏறிப் பெருமாளைச் சேவித்தேன்.

மறுநாள் ராஜபாளையத்தில் வகுப்பு. நடைப்பயிற்சிக்காகக் கூடத்துக்குள்ளேயே எல்லாரும் வெறுங்காலோடு சுற்றிச் சுற்றி நடந்தோம். தரையில் சிவப்பாக ஒரு பாதத்தடம் கிடந்தது.

“யாருட்டி குங்குமத்தை மிதிச்சிட்டு வந்தது?” என்று கூட வந்திருந்த என் மதினி கேலி பண்ணினாள்.

அடுத்த சுற்றில் தடங்கள் கூடியிருந்தன. ஈரம் காயவில்லை. நாங்கள் போகுமிடமெல்லாம் அது முன்னாலேயே போயிருந்தது. ‘பெருமாளே’ என்று திரும்பினேன். கடைசித் தடம் என் குதிகாலை ஒட்டி இருந்தது.

உள்ளங்காலில் மலை முள் ஆழமாக இறங்கி, நடக்க நடக்க ரத்தம் கசிந்திருந்தது. ராத்திரி அதோடுதான் தூங்கியிருக்கிறேன். நர்ஸம்மா பிடுங்கியபோது மதினிதான் கத்தினாள். எனக்கு வேறு யார் காலையோ பார்ப்பதுபோல் இருந்தது.